கன்றல், ஊமைக்காயம்: ஒரு சொல் விளக்கம்

காயச் சான்றிதழில் மருத்துவர் ‘கண்ட்யூஷன்’ என்று எழுதும் சொல், நையப் புடைத்தல் என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அது அடித்த கையைச் சுட்டுகிறது. தமிழின் ‘கன்றுதல்’ அடிபட்ட தோலைச் சுட்டுகிறது. வெயிலில் முகம் கன்றுகிறது, கயிறு இழுத்த உள்ளங்கை கன்றுகிறது. தோல் கிழியாமல், அதனடியில் நுண்குழாய்கள் உடைந்து குருதி கசிந்து நிறம் மாறுவதே மருத்துவப் பொருள் என்பதால், ‘கன்றல்’ மூலச்சொல்லைவிடவும் பொருத்தமானது என்பேன்.

இதற்கு ஈடாக வழங்கும் ‘ஊமைக்காயம்’ வேறொரு நுட்பத்தை உடையது. வெட்டுக்காயத்துக்கு வாய் உண்டு, இதற்கு இல்லை. அடிபட்ட சில மணி நேரத்தில், அதிலும் கருத்த தோலில், இது கண்ணுக்கே தெரியாமல் போகலாம். தடயவியலில் டிஜிட்டல் படம் உதவுவது இங்கேதான். குருதியிலுள்ள ஹீமோகுளோபின் 415 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளியை மிகுதியாக உறிஞ்சுவதால், அவ்வொளியைப் பாய்ச்சி மஞ்சள் வடிகட்டி வழியே படமெடுத்தால், கசிவுள்ள இடம் சுற்றிலும் உள்ள தோலைவிட இருண்டு தெரியும். மச்சமும் தழும்பும்கூட அப்படித் தெரியலாம் என்பதால், இருண்ட திட்டு எல்லாம் ஊமைக்காயம் ஆகிவிடாது.

காயத்தருகே வைக்கும் அளவுகோல், கொத்தனாரின் மூலைமட்டம் போல இரு கை உடையது. அதில் அச்சிட்ட வட்டம் படத்தில் நீள்வட்டமாக விழுந்தால், கேமரா சாய்ந்திருந்தது என்று பொருள். அந்தப் படத்தில் அளந்த நீளத்தை அப்படியே நம்ப முடியாது. நிறத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கன்றல் சிவப்பிலிருந்து நீலம், பச்சை, மஞ்சள் என மாறினாலும் அந்த வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடும்; வெள்ளையை வெள்ளையாகவே காட்டும்படி நிறத்தைச் சீராக்கும் கேமராவின் வெண்மைச் சமன் பிசகினால் இல்லாத மஞ்சளும் தோன்றும். எனவே மூலக்கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் மட்டுமே திருத்தம் செய்ய வேண்டும். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தில், மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பது பற்றிய 63ஆம் பிரிவுக்குரிய சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு சிறிது மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாளக் குறியீட்டையும், குறிப்பிட வேண்டியுள்ளது.

பேச்சில் ‘ரத்தக்கட்டு’ என்றும் சொல்வதுண்டு. அது குருதி ஓரிடத்தில் திரண்டு வீங்கிய ‘ஹீமடோமா’வுக்கே சரி. கண்ணால் காண்பதைக் ‘கன்றல்’ என்றும், ஊதா ஒளியில் மட்டும் தென்பட்டு மருத்துவர் பரிசோதனையில் உறுதியானதை ‘ஊமைக்காயம்’ என்றும் பிரித்து எழுதினால், எது எப்படிக் காணப்பட்டது என்பது காயச் சான்றிதழின் சொல்லிலேயே தெரிந்துவிடும்.