எழுபது விழுக்காடு அடைப்பு என்றால் உடனே ஸ்டென்ட்டா?

பினாங்கில் என் நரம்பியல் கிளினிக்குக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அறிக்கைத் தாளை மேசையில் வைத்து, "டாக்டர், மூளைக்குப் போற குழாய்ல எழுபது விழுக்காடு அடைப்பாம். அண்ணனுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்ச மாதிரி எனக்கும் வச்சிடுங்க" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால், அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து நான் முடிவெடுப்பதில்லை.

மண்டைக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் சுருங்குவது ஆசியர்களிடம் அதிகம். இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மிடம்தான் அது அதிகம்.

சாதாரண சி.டி. ஸ்கேன் மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று சொல்லும். குழாய் சுருங்கியிருப்பதைக் காட்டாது. 'சி.டி. நார்மல்' என்று சொன்னதும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் புதிதாகப் பாதிக்கப்பட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இரண்டு பெரிய குழாய்களின் எல்லை சந்திக்கும் இடத்தில் மணிமணியாகக் கோத்தாற்போல் புள்ளிகள் இருந்தால், அங்கே ரத்த ஓட்டமே குறைந்துபோயிருக்கிறதோ என்று சந்தேகிப்போம்.

குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் சாய மருந்தைச் செலுத்தாமலே படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவில் ஒரு சிக்கல் உண்டு. ரத்தம் மெதுவாகவோ சுழன்றோ ஓடும் இடத்தில் படம் மங்கிவிடும். சுருக்கம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால்தான் சிலருக்குச் சாய மருந்து செலுத்தி சி.டி. ஆஞ்சியோவும் எடுக்கச் சொல்கிறோம். அந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும் என்பதால், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எனக்கு மிகவும் தேவையான தகவல் ரத்த ஓட்ட ஸ்கேனில்தான் கிடைக்கும். அடுக்குமாடி வீட்டில் கீழே குழாய் எவ்வளவு அடைத்திருக்கிறது என்பதைவிட, மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா என்பதுதானே முக்கியம்? மூளையும் அப்படித்தான். ஒரே அளவு சுருக்கமுள்ள இருவரில் ஒருவருக்குப் பக்கத்துக் கிளைக்குழாய்கள் விரிந்து ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும். இன்னொருவருக்கு அந்த வழி இருக்காது. மூளையின் அந்தப் பகுதிக்கு ரத்தம் எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்பதை இந்த ஸ்கேன் காட்டும். சிலருக்கு அசெட்டசோலமைடு மருந்து கொடுத்துச் சோதிப்போம். ஆரோக்கியமான குழாய்கள் அப்போது விரிந்து ஓட்டம் கூடும். ஏற்கெனவே முடிந்தமட்டும் விரிந்துவிட்ட குழாய்களால் அது முடியாது.

சரி, ஸ்டென்ட்? 2011இல் அமெரிக்காவில் வெளியான சாம்ப்ரிஸ் ஆய்வில், அண்மையில் பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ கண்ட, 70 முதல் 99 விழுக்காடு சுருக்கமுள்ள 451 பேரைச் சேர்த்தார்கள். முதல் 30 நாளில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 விழுக்காடு, தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 5.8 விழுக்காடு. அதனால் பெரும்பாலோருக்கு முதல் சிகிச்சை மருந்துதான்: ரத்தம் உறையாமல் தடுக்க 90 நாள்வரை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும், கெட்ட கொழுப்பை 1.8 mmol/L அளவுக்குக் கீழே இறக்கும் மாத்திரை, ரத்தக் கொதிப்புக் கட்டுப்பாடு. இத்தனைக்குப் பிறகும் பக்கவாதம் திரும்பி வரும் சிலருக்குத்தான் ஸ்டென்ட் பற்றி யோசிப்போம்.

ரத்த ஓட்டம் குறைவாக இருப்பவருக்குக் கொதிப்பை மெதுவாகத்தான் குறைக்க வேண்டும். அண்டை வீட்டார் சொன்னார்கள் என்று மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள். தைப்பூச விரதம் இருந்து, வெயிலில் காவடி தூக்கி நடக்கப் போகிறீர்களா? முதலில் எங்களிடம் கேளுங்கள். உடலில் நீர் வற்றினால் மூளைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும்முன் தாலி, மெட்டி, மூக்குத்தி, தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராத அம்மாக்கள், அதற்குப் பதிலாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வரலாம். பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

வாய் கோணி, கை மரத்து, பேச்சுக் குழறி, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் காத்திருக்காதீர்கள். அதன்பின் வரும் முதல் இரண்டு நாள்கள்தான் மிக ஆபத்தானவை. 999ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போங்கள். பிறகு என்னிடம் வரும்போது அறிக்கைத் தாளோடு படங்கள் உள்ள குறுந்தட்டையும் எடுத்து வாருங்கள். பழைய ஸ்கேன் வீட்டில் இருந்தால் அதையும்தான்.