ஒரு வீட்டை மந்திரத்தால் மறைப்பது எப்படி?

மாயக்கதை எழுதுபவர்கள் ஒரு வீட்டையோ ஆளையோ ஒளிக்க நினைத்தால், பெரும்பாலும் முதலில் அதைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவார்கள். அறிவியல்படி இது மிகவும் பலவீனமான வழி. விழித்திரை ஒளியை உறிஞ்சுவதால்தான் நமக்குப் பார்வை. ஒளி முழுக்க ஊடுருவிப் போகும் உடலில் விழித்திரையும் எதையும் உறிஞ்சாது, மறைந்தவர் குருடாகிவிடுவார். வீட்டை மறைத்தாலும் மழை அந்தரத்தில் பட்டுத் தெறிக்கும், அடுப்புப் புகை எங்கிருந்தோ கிளம்பும். 11ஆம் எண் வீட்டுக்கும் 13ஆம் எண் வீட்டுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று தபால்காரரே ஊகித்துவிடுவார்.

ஆகவே நல்ல மந்திரம் வீட்டை விட்டுவிட்டு, வீட்டைப் பற்றிய அறிவைப் பிடிக்க வேண்டும்.

கவனத்தைத் திருப்புவது ஒரு வழி. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு வீடியோவைக் காட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவரைக் கவனிக்கவே இல்லை. மந்திரம் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். ஆனால் தெருவில் போகும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் அது வேலை செய்தாக வேண்டும். பாதிப் பேர் பார்த்துவிட்டால் ரகசியம் போச்சு.

எனக்கு இதைவிட மிகவும் பிடித்தது இரண்டாவது வழி: ரகசியத்தையே காவலர்கள் சிலரிடையே பங்கு போடுவது. இதற்கான கணக்கை 1979இல் ஆதி ஷமீர் என்ற கணினி அறிவியலாளர் கொடுத்தார். வீடு இருக்கும் இடத்தைக் குறிக்கும் ரகசிய எண் 7 என்று வையுங்கள். 7இல் தொடங்கி, அடிக்கு 3 ஏறும் ஒரு நேர்கோடு வரைகிறோம். முதல் காவலரிடம் ‘1ஆம் அடியில் 10’, இரண்டாமவரிடம் ‘2ஆம் அடியில் 13’ என்று மட்டும் சொல்கிறோம். இருவரும் சேர்ந்தால், ஏற்றம் 3 என்று தெரியும். 10இலிருந்து ஓர் அடி பின்னே போனால் 7. தனியாளிடம் இருப்பது ஒரே புள்ளி. அதன் வழியே எண்ணற்ற கோடுகள் போகும். கடிகாரம் போல ஓர் எண்ணில் சுற்றித் திரும்பும் கணக்கில் இதைச் செய்தால், ஒருவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தாலும் பாதி ரகசியம்கூடக் கிடைக்காது. கிடைப்பது சுழியம். நேர்கோட்டுக்குப் பதில் பரவளைவு வரைந்தால் மூவர் தேவை. ஐவருக்குப் பங்கு கொடுத்திருந்தால் இருவர் செத்தாலும் வீடு தொலையாது.

இது வெறும் கற்பனையும் அல்ல. இணையதளப் பெயர்களுக்கான தகவல் போலியல்ல என்று சரிபார்க்க உதவும் மூலச் சாவி (ஒரு ரகசிய எண்) ஒன்று உண்டு. அதன் காப்புப் பிரதியைத் திறக்கும் சாவியை, 2010இல் 7 பேரிடம் இப்படித்தான் பிரித்துக் கொடுத்தார்கள். 5 பேர் கூடினால் போதும்.

கதைக்குத் தீனி போடும் ஓட்டை ஒன்று இதில் உண்டு. கூடும் காவலர்களில் ஒருவர் பொய்ப் பங்கைச் சொன்னால், மற்றவர்கள் தவறான இடத்துக்குப் போவார்கள். மற்றவர்களின் பங்குகளைக் கேட்டுவிட்ட பொய்யருக்கு மட்டும் உண்மையான வீடு தெரிந்துவிடும். 1987இல் பால் ஃபெல்ட்மன் என்ற கணினி ஆய்வாளர் இதற்கும் வழி கண்டார்: பங்கு போடுபவரே சில சரிபார்ப்பு எண்களை எல்லோரும் பார்க்க வெளியிட்டுவிட வேண்டும். அவற்றிலிருந்து ரகசியத்தைக் கறப்பது நடைமுறையில் முடியாது. பங்கு பொய்யா என்று மட்டும் சோதிக்கலாம். மாய உலகில் அதை ஊர் நடுவே கல்வெட்டாகவே வெட்டி வைக்கலாம்.