படுத்த மாடு எழும்பவில்லையா? பட்டியில் நிற்பவர் செய்யவேண்டியது

நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பசு கன்று போட்டு இரண்டாம் நாள். சேற்றில் கிடந்தது. கண்ணைக் கொத்த வந்த காகத்தை வேலைக்கு நின்ற அண்ணன் தோள் துவாயால் விரட்டிக்கொண்டிருந்தார். மிருக வைத்தியரைக் கூப்பிடப் போனவரிடம் அலுவலகத்தில் முதலில் கேட்டது, பண்ணைப் பதிவு யார் பெயரில் என்று. முதலாளி ஊரில் இல்லை. அன்றைய நாள் அப்படியே போனது.

இலங்கைச் சட்டம் சுருக்கமாக: மிருகத்தைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இலிருந்தே இருக்கிறது. மாட்டை வண்டியில் ஏற்ற 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே விழுந்த மாட்டை இரவோடிரவாக இறைச்சிக்காரருக்குத் தள்ளிவிடாதீர்கள். பிடிபடுவது முதலாளி அல்ல, வண்டியில் இருப்பவர்.

இப்படிப்பட்ட மாட்டைக் கவனிக்கப் பயிற்சி கேட்பதிலும் ஒரு பொறி உண்டு. பயிற்சிக் கூட்டத்துக்கு அழைப்பது பெரும்பாலும் பதிவில் உள்ள உரிமையாளரைத்தான். இரவில் மாட்டோடு நிற்பவர் பட்டியலிலேயே இருக்கமாட்டார். தம்பலகாமமோ மூதூரோ, உங்கள் மிருக வைத்தியர் அலுவலகத்துக்குப் பால் சங்கத்தின் மூலம் கடிதம் கொடுங்கள். வேலையாட்களின் பெயரை எழுதுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். "வாய்மொழியாகச் சொன்னோம்" என்பதற்கு அங்கே மதிப்பில்லை.

சரி, எப்போது சாகவிடுவது? அவசரப்படவேண்டாம். கன்று போட்ட ஓரிரு நாளில் காது குளிர்ந்து, தலையை விலாப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தால் பால் காய்ச்சலாக, அதாவது இரத்தத்தில் கல்சியம் குறைந்ததாக இருக்கலாம். கல்சியம் ஏற்றினால் பல மாடுகள் சில மணி நேரத்தில் எழும்பிவிடும். மருந்து வரும்வரை வைக்கோல் போட்டு, சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். ஒரே பக்கமாகக் கிடந்தால் அடியில் அகப்பட்ட தசை நசுங்கிவிடும், பிறகு வைத்தியமும் உதவாது. கயிற்றில் இழுக்கவே வேண்டாம். தொடை எலும்பு முறிந்திருந்தால், அல்லது மருந்து கொடுத்தும் தலை நிமிராமல் தீனும் தண்ணீரும் எடுக்காவிட்டால், "வலியில்லாமல் முடித்துவிடலாமா?" என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். ஊசி போடுவது அவர் மட்டுமே.

காப்புறுதி இருந்தால் ஊசிக்கு முன்னரே அவர்களுக்கு அறிவியுங்கள். காது இலக்கம் தெரியப் படம் எடுங்கள், வைத்தியரின் எழுத்தையும் கையோடு வாங்குங்கள். 2022 டிசம்பர் குளிரில் வடக்கு கிழக்கில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன; அப்படியொரு நாளில் வைத்தியர் எல்லாப் பட்டிக்கும் வந்துவிட முடியாது. அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் கொப்பியில் குறித்துவையுங்கள்.

அப்புறம், அந்த ஊசி மருந்து ஏறிச் செத்த மாட்டின் உடலை நாய் தின்றால் நாயும் சாகலாம். கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி, ஆழமாகத் தோண்டிப் புதையுங்கள்.