காலி வளை என்று முடிவுகட்டாதீர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியில் சாலையோ சுரங்கமோ வருமுன், அந்த நிலத்தில் என்னென்ன விலங்குகள் வாழ்கின்றன என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அதில் வாக்குவாதம் அதிகம் வருவது பில்பியால்தான். முயல் காதும் நீண்ட கூர்மூக்கும் கொண்ட, வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலைநில விலங்கு இது. பகலெல்லாம் வளைக்குள்ளேயே கிடக்கும். எனவே ஆளைத் தேடிப் பயனில்லை, தடயத்தைத்தான் தேட வேண்டும்.

வளை வாசலுக்கு முன்பு நான் பார்ப்பது வேல இனப் புதர்களின் அடிப்பகுதியை. மண்ணைப் பறித்து, வேரை உடைத்து, உள்ளே இருந்த புழுவை எடுத்திருந்தால் பெரும்பாலும் பில்பியின் வேலைதான். பக்கத்தில் புழுக்கை கிடக்கும். நசுக்கிப் பார்த்தால் மணல் நறநறக்கும். கரையானோடு மண்ணையும் சேர்த்தே விழுங்குகிறது. தண்ணீர்த் தேவையும் பெரும்பாலும் இரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

வளை சுருளாக இறங்கி 2 மீட்டர் ஆழம் வரை போகும். பெண் பில்பியின் வயிற்றுப்பை பின்பக்கம் பார்த்துத் திறப்பதால், தோண்டும்போது குட்டியின் மேல் மண் விழாது. கர்ப்பகாலம் இரண்டே வாரம். மீதி வளர்ச்சியெல்லாம் பைக்குள்தான்.

"உள்ளே இருக்கா, இல்லையா?" என்று திட்டப் பொறுப்பாளர்கள் கேட்பார்கள். கேள்வியே சரியில்லை. ஒரே பில்பி பத்துக்கும் மேற்பட்ட வளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். வாசலில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது என்பதற்காக அது அந்த இடத்தையே விட்டுப் போய்விட்டதாக எழுத முடியாது. அது விட்ட வளையிலும் உடும்பும் பாம்பும் சிறு பாலூட்டிகளும் வெயிலுக்கு ஒதுங்கும்.

ஒரு காலத்தில் கண்டத்தின் முக்கால்வாசி நிலத்தில் இருந்த இனம் இப்போது அந்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் ஒடுங்கிவிட்டது. சிறிய பில்பி என்ற இன்னோர் இனம் கடந்த நூற்றாண்டிலேயே அழிந்துபோனது. ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும் முக்கியக் காரணம். குயின்ஸ்லாந்தின் கரவின்யா பூங்காவில் வேலி போட்டுப் பாதுகாத்தார்கள். வெள்ளத்தில் வேலி கெட்டதும் பூனைகள் உள்ளே புகுந்துவிட்டன. சீர்செய்து 2019-ல்தான் மறுபடியும் பில்பிகளை விட்டார்கள். வேலி தேவைதான், ஆனால் எஞ்சியவற்றில் பெரும்பகுதி வேலிக்கு வெளியே, பழங்குடி மக்களின் நிலங்களில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் உள்ள பழங்குடிக் குடியிருப்பான கிவிர்குராவில் அம்மக்களே தடம் பார்த்துப் பூனைகளை வேட்டையாடுகிறார்கள். பெருந்தீ பரவாதபடி சிறு சிறு திட்டுகளாக நிலத்தை எரித்தும் வைக்கிறார்கள். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கம் வேலைக்கோ சுற்றுலாவுக்கோ போனால், இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். புதிதாகப் பறித்த குழியைப் பார்த்தால், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, அந்தப் பகுதி ரேஞ்சர்களிடம் கொடுங்கள். வளைக்குள் கையோ குச்சியோ விட வேண்டாம். உள்ளே பாம்பும் இருக்கலாம்.