வரியிலைச் செடியின் நுனி ஏன் கருகுகிறது?

ஓசூர் நர்சரியில் வாங்கும்போது வெள்ளை வரியோடு பளிச்சென்று இருந்த ஸ்பைடர் பிளான்ட், தர்மபுரி வீட்டு ஜன்னலோரம் வந்து சில மாதம் ஆனதும் நுனி கருகத் தொடங்கும். நடுவில் மஞ்சள் வரி ஓடும் டிரசீனாவுக்கும் இதே கதிதான். தண்ணீர் போதவில்லை என்று கூடுதலாக ஊற்றுவோம், கருகல் இன்னும் கூடும். அந்தத் தண்ணீரில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் அந்த வெள்ளை வரி. அங்கே பச்சையம் கிடையாது. செடியின் வளர்முனையில் செல்கள் அடுக்கடுக்காக இருக்கும். அவற்றில் ஓர் அடுக்கு மட்டும் பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்துவிட்டால், அதிலிருந்து உருவாகும் பகுதியெல்லாம் வெளுத்துப்போகும். பல வரியிலைச் செடிகள் இப்படித்தான், இரண்டு வகைச் செல்கள் ஒரே உடலில் குடியிருக்கின்றன. மஞ்சள் ஓரம் கொண்ட ஸ்நேக் பிளான்டின் இலைத்துண்டை நட்டுப் பாருங்கள். முளைக்கும் குட்டி முழுப் பச்சையாக இருக்கும். புதுக் குருத்து உள்ளடுக்கில் இருந்து கிளம்புவதால் மஞ்சள் ஓரத்தின் செல்கள் அதில் சேர்வதில்லை. வரி வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.

வெள்ளைப் பகுதி உணவு தயாரிக்காது, பச்சைப் பகுதியின் உழைப்பில் வாழும். அதனால் முழுப் பச்சைச் செடியைவிட இதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். கிழக்கு ஜன்னல் நல்ல இடம். உச்சிவெயில் நேராகப் பட்டால் வெள்ளைப் பகுதி வெந்துவிடும். சம்பாதிக்கும் பகுதி ஏற்கெனவே குறைவாக இருக்கும் இலையில் நுனியும் போனால் இழப்பு பெரிது.

இனி தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களில் ஃபுளோரைடு உண்டு. ஆழத்தில் நெடுங்காலம் பாறையோடு உறவாடிக் கிடக்கும் நீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டிய கிணறுகள் இங்கே ஏராளம். பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு விழுவதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆனாலும் பல வீடுகளில் குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், செடிக்கு போர்வெல் தண்ணீர் என்பதே வழக்கம்.

வேர் உறிஞ்சும் நீரில் 100-க்கு 95 பங்குக்கு மேல் இலை வழியாக ஆவியாகிவிடும். ஃபுளோரைடு ஆவியாகாது. நீரோட்டத்தோடு ஏறி, அந்த ஓட்டம் முடியும் இடமான நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடும். தழைச்சத்தைப்போல இலையிலிருந்து திரும்பி வேறிடம் போகும் வழியும் அதற்கு இல்லை. லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரை வாரம் ஒரு லிட்டர் ஊற்றினால், வருடத்தில் 100 மில்லிகிராமுக்கு மேல் தொட்டிக்குள் போகிறது. அடியில் வடிவது போக மற்றது மண்ணிலும் இலையிலும் சேர்கிறது. சேர்ந்த ஃபுளோரைடு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ள, அவற்றை நம்பி இயங்கும் நொதிகள் முடங்கும். செல் சாகும். நுனி முதலில் வெளிறி, பிறகு காய்ந்த புகையிலை நிறத்துக்கு வரும். கருகலுக்கும் பச்சைக்கும் நடுவில் மெல்லிய மஞ்சள் விளிம்பு தெரியும். சித்திரை வெயிலில், ஃபேன் காற்றுக்கு நேரே இருக்கும் செடி அதிக நீரை ஆவியாக்கும், அதனால் சீக்கிரம் கருகும். ஸ்பைடர் பிளான்டும் டிரசீனாவும் இதில் மிகவும் நொய்ந்தவை, லிட்டருக்கு 1 மில்லிகிராமே அவற்றைப் பாதிக்கும். மனிதருக்குப் பாதுகாப்பான தண்ணீர்கூட இவற்றுக்கு ஆகாமல் போகலாம்.

வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்திருந்தால் சரியாகிவிடும் என்பார்கள். குளோரின் வாடை அப்படிப் போகும், ஃபுளோரைடு போகாது. காய்ச்சினால் நீர் வற்றி அதன் அடர்த்திதான் கூடும். இதைவிடக் கவலை தருவது ஆர்.ஓ. கருவியின் கழிவு நீர். வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறோம். கருவி பிரித்துத் தள்ளிய ஃபுளோரைடும் உப்பும் மொத்தமும் அதில்தான் இருக்கின்றன. அதைக் கக்கூஸ் கழுவப் பயன்படுத்துங்கள், தயவுசெய்து இந்தச் செடிகளுக்கு வேண்டாம்.

மழைநீரே சிறந்தது. 50 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 500 லிட்டர் விழுகிறது. அதில் பாதியைப் பிடித்து மூடிவைத்தால் சில தொட்டிகளுக்குப் பல மாதம் வரும். உரத்தில் சூப்பர் பாஸ்பேட்டைத் தவிர்க்க வேண்டும், அதிலேயே ஃபுளோரைடு உண்டு. தொட்டிமண் புளிப்பாக இருந்தால் வேர் ஃபுளோரைடை எளிதாக இழுக்கும். தேங்காய் நார்த்தூள் நிறைந்த கலவையில் சுண்ணாம்புக்கல் பொடி கொஞ்சம் சேர்த்தால் புளிப்பும் குறையும், கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்துக் கரையாத பொருளாக்கிவிடும். அதிகம் போட்டால் இரும்புச்சத்து கிடைக்காமல் இலை மஞ்சளாகும், அளவு முக்கியம்.

தொட்டி ஓரத்தில் வெள்ளையாகப் பொரிந்திருந்தால் உப்பும் சேர்ந்து படுத்துகிறது என்று பொருள். நல்ல தண்ணீரைத் தாராளமாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். கருகிய நுனி மறுபடி பச்சையாகாது, கத்தரித்துவிடலாம். தண்ணீரை மாற்றியது பலித்ததா என்பதை நடுக்குருத்தில் புதிதாக வரும் இலைகளில்தான் பார்க்க வேண்டும். மழைநீர் பிடிக்க வசதி இல்லாதவர்கள் வெள்ளை வரி மணி பிளான்ட் வைக்கலாம். ஃபுளோரைடு அதை இந்த அளவுக்கு வாட்டுவதில்லை.