ஒழுங்கற்ற எதிரொளிப்பா, சிதறு தெறிப்பா?

கணினி வரைகலை பற்றிய தமிழ் விளக்கங்களில், சொரசொரப்பான பரப்பில் பட்ட ஒளி பல திசைகளிலும் பிரிந்து செல்வதை 'ஒழுங்கற்ற எதிரொளிப்பு' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பள்ளிப் பாடநூல்களிலிருந்து எடுத்தாண்ட சொல்தான்; ஆனால் வரைகலைக்குள் வந்ததும், விளக்க வந்த பொருளையே அது மறுத்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'டிஃப்யூஸ்' என்பது, பல புறமும் ஊற்றிப் பரப்புதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் வழிவந்தது. ஒழுங்கு, ஒழுங்கின்மை என்ற பேச்சே அதில் இல்லை.

ஒளியின் நடத்தையிலாவது ஒழுங்கின்மை உண்டா என்றால், அதுவும் இல்லை. 1760-இலேயே கணித அறிஞர் லாம்பெர்ட், இத்தகைய பரப்பின் பொலிவு படுகோணத்தின் (பரப்புக்குச் செங்குத்தான கோட்டோடு, வந்து படும் ஒளி அமைக்கும் கோணத்தின்) கொசைனைப் பொறுத்தது என்று விதி வகுத்துவிட்டார். சொரசொரப்பான பரப்பை, வெவ்வேறு சாய்வில் கிடக்கும் நுண்ணிய கண்ணாடி முகங்களின் தொகுதியாகக் கொள்ளும் மாதிரியை 1967-இல் டாரன்சும் ஸ்பாரோவும் ஒளியியலில் முன்வைக்க, 1982-இல் குக்கும் டாரன்சும் அதை வரைகலைக்கு ஏற்ப அமைத்தனர். அந்த மாதிரியில் ஒவ்வொரு நுண்முகமும், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற பழைய விதிக்கு அப்படியே கட்டுப்படுகிறது. எந்தச் சாய்வில் எத்தனை முகங்கள், எது எதை மறைக்கிறது, பார்வை சாயச் சாய ஒளி எவ்வளவு கூடுகிறது என்பதற்கெல்லாம் தனித்தனிக் கணிதச் சார்புகள் உண்டு. மங்கலான தாளொன்றைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, அதன் மேற்பரப்பை ஒட்டியவாறு எதிரேயுள்ள விளக்கைப் பார்த்தால், நேராகப் பார்க்கையில் இல்லாத பளபளப்பு தெரியும். அதுவும் கணக்கில் வருவதுதான். முழுநிலவு நடுவிலும் விளிம்பிலும் ஏறத்தாழ ஒரே பொலிவுடன் தட்டுப்போலத் தோன்றுவதற்கு லாம்பெர்ட் விதி போதாமற்போனபோது, 1994-இல் ஓரனும் நாயரும் சொரசொரப்பைச் சேர்த்து இன்னொரு மாதிரியைத் தந்தார்களேயன்றி, ஒளியின் மேல் பழி போடவில்லை. ஒழுங்கே இல்லாத ஒன்றை எந்தக் கணினி நிரலில் எழுதுவது?

ஒழுங்கற்றது பரப்புத்தான், ஒளியன்று என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் அந்த அடைமொழியைப் பரப்புக்கே கொடுத்துவிடலாமே. தவிரவும், மெருகேற்றிய வெண்பளிங்கு கைக்கு வழவழப்பாகவே இருக்கிறது. ஆயினும் உள்ளே புகுந்த ஒளி அங்கேயே பலமுறை சிதறி வெளிவருவதால் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெண்மையாகத் தெரிகிறது. அங்கே எதை ஒழுங்கற்றது என்பது?

'விரவல் எதிரொளிப்பு' என்பாரும் உளர். விரவுதல் என்றால் கலத்தல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வரும் பெயரை இலக்கணம் விரவுப்பெயர் என்பதும் அதனால்தான். வாயுக்கள் ஒன்றில் ஒன்று கலப்பதற்கு அச்சொல் பொருந்தும். பரப்பை விட்டு நீங்கும் ஒளி எதனோடு விரவுகிறது?

இலங்கைப் பாடநூல்களில் எதிரொளிப்புக்கு 'தெறிப்பு' என்ற சொல் நெடுங்காலமாக வழங்குகிறது. பட்டு மீள்வதைக் காட்டும் அந்த இயல்பான வினையோடு 'சிதறு' என்பதைச் சேர்த்துச் 'சிதறு தெறிப்பு' என்றால், வினைத்தொகையாய்ச் சுருங்கியும் நிற்கிறது, பொருளும் தெளிவாகிறது. (ஒளித்தல் என்றால் மறைத்தல் என்றும் பொருள்படுவதால், 'எதிரொளிப்பு' எனக்கு என்றுமே சற்று நெருடும்.) பளிங்கு போன்றவற்றில் ஒளி உள்ளே போய் மீள்வதை 'உட்சிதறல்' என்று தனியே பிரித்துக்கொள்ளலாம்.

இந்த அளவுக்குப் பொருளைப் பார்த்து எழுதுவோர் அரிதாகிவிட்டனர். அகராதியில் முதலில் அகப்படும் சொல்லைப் பெயர்த்து வைப்பதால், சொரசொரப்பைக் குறிக்கும் 'ரஃப்னஸ்' என்ற அளவுரு பல இடங்களில் 'கடினத்தன்மை' ஆகிவிட்டது. கடினத்தன்மையை 0 ஆக்கினால் எஃகு கண்ணாடிபோல் மின்னும் என்று படிக்கும் மாணவர், எஃகு குழைந்துவிட்டதென்றுதானே எண்ணுவார்?