அசிங்க்ரனஸ்: ஒத்தியங்கா

உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்த பிள்ளைகளுக்கு அசிங்க்ரனஸ் என்ற இந்தக் கணினிச் சொல்லைச் சொல்லிக்கொடுப்பது சுகம். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் அம்பா பாடி, ஒரே மூச்சில் இழுப்பார்கள். மடி கரையேறும் வரை ஒருவரும் கயிற்றை விட்டு நகர முடியாது. கிரேக்கத்தில் 'சின்' என்றால் 'சேர்ந்து', 'க்ரோனோஸ்' என்றால் காலம். காலத்தால் கூடி நடப்பது சிங்க்ரனஸ். முன்னால் வரும் 'அ' அதை மறுக்கிறது, அநீதியில் வரும் அகரம் போல. மாலையில் வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்து, வேறு வேலை பார்த்து, விடியலில் போய் எடுப்பவரின் தொழில் அசிங்க்ரனஸ்.

இணையப் பக்கங்களை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் ஓட்டும். தரவு வந்துசேரும் வரை அது கைகட்டி நின்றால் பக்கமே உறைந்துவிடும். அதனால்தான் அங்கே அசிங்க்ரனஸ் முறை வேண்டும்.

வரைவிலக்கணத்துக்கு முன் மூன்று வரி எழுதச் சொல்வேன். 'ஒன்று' என்று அச்சிடு, இவ்வளவு நேரம் கழித்து ஓட்டு என்று சொல்லும் செட்டைம்அவுட்டில் பூச்சியம் மில்லிசெக்கன் கொடுத்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. திரையில் வருவது ஒன்று, மூன்று, இரண்டு. "பூச்சியம்தானே சேர் கொடுத்தோம்?" என்பார்கள். பூச்சியமானாலும் அது வரிசையில் போய் நிற்கும். கையிலுள்ள வரிகள் முடிந்த பிறகே அதன் முறை. சரி, பின்னால் வரப்போகும் விளைவுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தரும் வாக்குறுதிதான் ப்ராமிஸ்; அது நிறைவேறியதும் செய்ய வேண்டியதை 'தென்'னில் எழுதுவோம். ஏற்கெனவே நிறைவேறிய ஒரு ப்ராமிஸின் 'தென்'னில் 'நான்கு' சேர்த்துப் பாருங்கள். கடைசி வரியாக எழுதினாலும் அது இரண்டை முந்திவிடும். ப்ராமிஸுக்குத் தனி வரிசை, அதற்கே முன்னுரிமை.

தமிழில் சிலர் 'ஒத்திசையா' என்கிறார்கள். எனக்கு அது சுருதி பிசகியதைச் சொல்வது போல் படுகிறது. கொஞ்ச நாள் 'காத்திரா' என்று சொல்லிப் பார்த்தேன். உடனே புரிந்தது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் 2017 ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த அசிங்க், அவெயிட் என்ற இரு குறிச்சொற்களின் பாடத்தில் அது முறிந்தது. அவெயிட் என்றால் காத்திரு. அசிங்க் என்று குறித்த சார்பு (ஃபங்ஷன்) காத்திராச் சார்பு; அதற்குள்ளே காத்திரு என்றால் பிள்ளை குழம்பாதா? உண்மையில் அங்கே நிற்பது அந்த ஒரு சார்பு மட்டும். வெளியே மற்ற வேலைகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

'ஒத்தியங்கா'வில் இந்த மோதல் இல்லை. நிற்பதையோ நடப்பதையோ அது சொல்லவில்லை, இரண்டு வேலைகள் காலத்தால் பிணைந்திருக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. இலக்கணப்படி இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், 'ஓடாக் குதிரை' போல. ஆகவே பின்னால் ஒரு பெயர் வேண்டும், வல்லினம் வந்தால் ஒற்றும் மிகும்: ஒத்தியங்காச் சார்பு, ஒத்தியங்காச் செய்நிரல். தனியே நிற்க வேண்டிய இடத்தில் ஒத்தியங்காமை என்று எழுதுங்கள்.